சுதந்தரம் கேட்ட பெண்கள்: விவிலிய மாந்தரும் 1986ஆம் ஆண்டுத் தில்லித் தீர்ப்பும்

முன்னுரை

விவிலியத்தில் இடம்பெறும் பெண்களைத் தமிழ்க் கிறித்தவ மரபு பெரும்பாலும் இரு வரிசைகளில் வைத்துப் போற்றியும் எச்சரித்தும் வந்துள்ளது. சாராள், ரூத், அன்னாள், மரியாள் போன்றோர் முதல் வரிசையினர். பொறுமை, கீழ்ப்படிதல், இறைப்பற்று ஆகியவற்றின் வடிவங்களாகக் காட்டப்படுவோர். ஏவாள், தெலீலாள், யேசபேல் போன்றோர் இரண்டாம் வரிசையினர். தவிர்க்க வேண்டியவற்றின் வடிவங்களாகக் காட்டப்படுவோர். மறையுரைகளும் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களின் சிற்றுரைகளும் இவ்விரு வரிசைகளையே பெரிதும் சார்ந்துள்ளன. இவற்றுள் அடங்காத மூன்றாம் வரிசை ஒன்றும் விவிலியத்தில் உண்டு. தமக்குரிய நிலத்தையும் வீட்டையும் நியாயத்தையும் அதிகாரத்தின் முன் நின்று கேட்டுப் பெற்ற பெண்களின் வரிசை அது.

1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், தில்லியில் உள்ள இந்திய உச்சநீதிமன்றம் மேரி ராய் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வழங்கியது. திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறித்தவப் பெண்களின் வாரிசுரிமையை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டுப்படுத்தி வந்த சட்டம் 1951 முதலே செல்லாது என்று அத்தீர்ப்பு உரைத்தது. இத்தீர்ப்பு சட்டத்துறையில் விரிவாகப் பேசப்பட்ட ஒன்று. எனினும், அதனை விவிலியத்தின் மூன்றாம் வரிசைப் பெண்களோடு இணைத்து நோக்கும் முயற்சி தமிழில் அரிதாகவே உள்ளது. திருவிதாங்கூரின் தென்பகுதி தமிழ் நிலமாதலின் அவ்வழக்கு தமிழ்க் கிறித்தவர்க்கும் உரியதாகும். உரிமை கேட்ட விவிலியப் பெண்களின் கதைகளைத் தமிழ் விவிலியம் எச்சொற்களால் மொழிந்தது, அச்சொற்கள் நம்பிக்கையாளரின் வாழ்க்கையில் ஏன் செயற்படாது போயின, இன்று அவை எப்பொருள் தருகின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுதந்தரம் என்னும் சொல்

1871இல் வெளிவந்த பவர் திருப்புதல் இன்றளவும் சீர்திருத்தத் திருச்சபைகளில் பெருவழக்காக உள்ளது. அம்மொழிபெயர்ப்பில் 'சுதந்தரம்' என்னும் சொல் இன்றைய பொருளில் வருவதில்லை. தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்துசேரும் உரிமைச் சொத்தையே அது குறிக்கிறது. அவ்வுரிமையைப் பெறுபவர் 'சுதந்தரர்', 'சுதந்தரவாளி' எனப்படுகிறார். பெறுதல் 'சுதந்தரித்தல்' எனப்படுகிறது. இன்று சுதந்திரம் என்று வழங்கும் விடுதலைநிலையைக் குறிக்க அம்மொழிபெயர்ப்பு 'சுயாதீனம்' என்னும் சொல்லைக் கையாள்கிறது. கலாத்தியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். அடிமையும் சுயாதீனனும், ஆணும் பெண்ணும் என்னும் வேற்றுமை கிறித்துவுக்குள் இல்லை என்று 28ஆம் வசனம் கூறுகிறது. அவ்வாறு ஒன்றானோர் யாவரும் வாக்குத்தத்தத்தின்படி சுதந்தரர் ஆவர் என்று 29ஆம் வசனம் முடிக்கிறது. ஆண் பெண் வேற்றுமையின்மையைப் பேசிய பவுலின் வாதம் சென்றடையும் இடம் வாரிசுரிமையே என்பது நோக்கத்தக்கது.

இச்சொல்லாட்சி மொழிபெயர்ப்பாளர்கள் புதிதாகப் படைத்தது அன்று. சென்னை மாகாணத்தின் வருவாய் ஆவணங்களில் ஊர்ப் பணியாளர்க்கும் காணியாளர்க்கும் விளைச்சலில் மரபுப்படி உரிய பங்கு 'சுதந்தரம்' என வழங்கியது. கேட்டுப் பெறும் கொடையாகவோ இரந்து பெறும் உதவியாகவோ அது கருதப்படவில்லை. பிறப்பாலும் பணியாலும் உரிய பங்காகவே கருதப்பட்டது. அவ்வாறே எண்ணாகமத்தில் நிலவுரிமை பேசப்படும் இடங்களில் 'காணியாட்சி' என்னும் சொல்லும் வருகிறது. தமிழகத்து நில உரிமை வழக்காற்றில் வேரூன்றிய சொல் அது. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ் வாசகர் ஒருவர் விவிலியத்தின் வாரிசுரிமைக் கதைகளைத் தம் ஊர்ச் சொற்களிலேயே படித்தார் எனலாம். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'உரிமைச் சொத்து', 'உரிமைப்பேறு' முதலிய சொற்களை ஆண்டது. பொருள் தெளிவு அதனால் கூடியது. ஆயினும், சொத்துரிமையையும் விடுதலையையும் ஒரே சொல்லில் இணைத்துக் காணும் வாய்ப்பு பழைய மொழிபெயர்ப்பிலேயே உள்ளது. 'சுதந்தரம்' இல்லாதவர்க்குச் சுதந்திரம் இல்லை என்பதைச் சொல்லின் வரலாறே உணர்த்துகிறது.

செலொப்பியாத்தின் மகள்கள்

எண்ணாகமம் 27ஆம் அதிகாரம் ஐந்து பெண்களின் வழக்கைப் பதிவு செய்கிறது. மனாசே குலத்தைச் சேர்ந்த செலொப்பியாத் வனாந்தரத்தில் இறந்தார். அவருக்கு ஆண்மக்கள் இல்லை. மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐந்து மகள்களும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாயிலில் மோசே, ஆசாரியன் எலெயாசார், பிரபுக்கள், சபையார் அனைவர் முன்னிலையிலும் வந்து நிற்கின்றனர். அவர்களது வாதம் ஒழுங்கான கட்டமைப்புடையது. தந்தை கோராகின் கலகக் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்லர் என்று கூறித் தகுதியை முதலில் நிறுவுகின்றனர். மகன் இல்லாமையால் அவர் பெயர் அழிவது முறையன்று என்று அடுத்துக் காரணம் காட்டுகின்றனர். தந்தையின் சகோதரரிடையே தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று இறுதியில் கோரிக்கை வைக்கின்றனர்.

இக்கதையில் மூன்று செய்திகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, மோசே தாமே விடை கூறவில்லை. இருக்கும் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பவுமில்லை. வழக்கை இறைவன் முன் கொண்டுசெல்கிறார். இரண்டாவது, அப்பெண்கள் சொல்வது சரியே என்று இறைவன் விடை தருகிறார். அவர்களுக்கு மட்டும் சலுகை அளிப்பதோடு அவ்விடை நிற்கவில்லை. பின்வரும் தலைமுறைகளுக்கும் உரிய பொதுவிதியாகிறது. பெண்கள் எழுப்பிய ஒரு வழக்கு சட்டத்தையே மாற்றுகிறது. மூன்றாவது, தீர்ப்புக் கிடைத்ததோடு கதை முடியவில்லை. கானான் நாடு பங்கிடப்படும்போது அவர்கள் எலெயாசாரையும் யோசுவாவையும் மீண்டும் அணுகி, முன்னர்க் கிடைத்த கட்டளையை நினைவூட்டிய பின்னரே நிலம் பெறுகின்றனர் (யோசுவா 17:3-6). தீர்ப்பு வேறு, நிலம் கைக்கு வருதல் வேறு என்பதை விவிலியம் அறிந்தே எழுதியுள்ளது.

இவ்வுரிமைக்கு எல்லைகளும் உண்டு. மகன் இல்லாதபோதே மகளுக்குப் பங்கு என்பது விதி. 36ஆம் அதிகாரத்தில் குலத்தலைவர்கள் வந்து, இப்பெண்கள் வேறு குலத்தில் மணந்தால் நிலம் தம் குலத்தைவிட்டு நீங்கும் என்று முறையிடுகின்றனர். அதன்மேல் தம் குலத்திலேயே மணக்குமாறு அவர்கள் பணிக்கப்படுகின்றனர். மகளுக்குக் கொடுத்தால் சொத்து வெளியே போய்விடும் என்னும் அச்சம் எத்துணைப் பழமையானது என்பதற்கு இவ்வதிகாரமே சான்று. எனினும், அவ்வச்சத்தின் பொருட்டுக் கொடுத்த பங்கு பறிக்கப்படவில்லை. ஐவரின் பெயர்களும் விவிலியத்தில் நான்கு இடங்களில் முழுமையாக நிரல்படுத்தப்பட்டுள்ளன. தந்தையின் பெயர் அழியலாகாது என்று வாதிட்டோரின் பெயர்களும் அழியாமல் நின்றன.

இவ்வெல்லையை யோபுவின் நூல் கடக்கிறது. துன்பம் நீங்கியபின் யோபுவுக்கு ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறக்கின்றனர். மகன்களின் பெயர்களை நூல் கூறவில்லை. எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்னும் மகள்களின் பெயர்களையே கூறுகிறது. சகோதரர் இருக்கும்போதே அவர்களிடையே மகள்களுக்கும் சுதந்தரம் கொடுக்கப்பட்டது என்று அது பதிவு செய்கிறது (யோபு 42:13-15). மகன் இல்லாத குறையை நிரப்ப அன்றி, மகள் என்னும் உறவின் பொருட்டே கொடுக்கப்பட்ட பங்கு இது. துன்பத்தின் பள்ளத்தாக்கைக் கடந்து வந்த ஒரு தந்தை செய்த செயலாக இது அமைந்திருப்பது பொருள் பொதிந்தது.

காலேபின் மகள் அக்சாளின் கதை வேறொரு நுட்பத்தை உணர்த்துகிறது (யோசுவா 15:16-19). மணமாகிச் செல்லும் அவளுக்கு வறண்ட தென்னிலமே கிடைக்கிறது. கழுதையினின்று இறங்கித் தந்தையிடம் நீரூற்றுகளையும் தருமாறு கேட்கிறாள். மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் உள்ள ஊற்றுகள் அவளுக்குக் கிடைக்கின்றன. மணத்தின்போது கொடுக்கப்பட்டதோடு மகளின் பங்கு தீர்ந்தது என்று அவள் கருதவில்லை, தந்தையும் கருதவில்லை. சீதனம் கொடுத்தாயிற்று, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்னும் வழக்கத்திற்கு இக்கதை நேர்மாறானது.

முறையிட்ட இரு பெண்கள்

வாரிசுரிமைக்கு அப்பாலும் பெண்கள் நியாயம் கேட்டு அதிகாரத்தின் வாயிலில் நிற்கும் காட்சிகள் விவிலியத்தில் உள்ளன. சூனேம் ஊர்ப் பெண் எலிசா தீர்க்கதரிசிக்கு மாடியில் அறை கட்டிக்கொடுத்தவள் என்றே பெரிதும் நினைவுகூரப்படுகிறாள். விருந்தோம்பலுக்கு அவள் எடுத்துக்காட்டு. ஆனால், இராஜாக்களின் இரண்டாம் நூல் எட்டாம் அதிகாரம் அவளை வேறொரு நிலையில் காட்டுகிறது. ஏழாண்டுப் பஞ்சத்தின் பொருட்டு நாட்டைவிட்டுச் சென்றிருந்த அவள், திரும்பி வந்து தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் அரசனிடம் முறையிடுகிறாள். அரசன் ஓர் அலுவலரை அமர்த்தி, அவளுக்குரிய யாவற்றையும், அவள் நாட்டைவிட்டுச் சென்ற நாள் தொடங்கி அந்நாள்வரை வயல் தந்த வருமானத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கச் செய்கிறான். இழந்த நிலத்தோடு இழந்த காலத்தின் பயனும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்னும் நீதிக்கோட்பாடு இங்கு உள்ளது.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண்ணின் உவமையும் இத்தகையதே. இறைவனுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவன் ஒருவனிடம் அவள் மீண்டும் மீண்டும் சென்று தன் எதிராளியிடமிருந்து நியாயம் கேட்கிறாள். இடைவிடாத மன்றாட்டுக்கு இயேசு கூறிய உவமை இது என்று லூக்காவே முன்னுரைக்கிறார். ஆகவே மன்றாட்டை வலியுறுத்தும் விளக்கம் பிழையன்று. ஆயினும், அவ்விளக்கத்தில் அவளது வழக்கு முற்றிலும் மறைந்துபோயிற்று. மன்றாட்டுக்கு உவமை தேடிய இயேசு, நீதிமன்ற வாயிலை விட்டகலாத ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். வழக்காடும் பெண் அடக்கமற்றவள் என்னும் எண்ணம் அவரிடம் இருந்திருப்பின் இத்தேர்வு நிகழ்ந்திராது.

ஆரல்வாய்மொழிக்கு இருபுறமும்

சென்னை மாகாணக் கிறித்தவர்களின் வாரிசுரிமை 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தாலும், அதன்பின் வந்த 1925ஆம் ஆண்டின் சட்டத்தாலும் ஆளப்பட்டது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கு ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் சமமாக என்பது இச்சட்டத்தின் அடிப்படை. திருநெல்வேலிக் கிறித்தவக் குடும்பத்து மகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏட்டளவில் சமபங்கு இருந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருவிதாங்கூருக்குள் சென்றால் நிலை வேறு. அங்கு 1916இல், கொல்லம் ஆண்டு 1092இல், திருவிதாங்கூர்க் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி கைம்பெண்ணுக்கும் தாய்க்கும் அசையாச் சொத்தில் கிடைத்தது வாழ்நாள் அனுபவ உரிமை மட்டுமே. மறுமணம் செய்துகொண்டால் அதுவும் நீங்கும். மகளுக்கு உரியது சீதனம். மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. சீதனம் கொடுக்கப்பட்டிருந்தாலும், கொடுப்பதாக வாக்களிக்கப்பட்டிருந்தாலும், தந்தையின் சொத்தில் அவளுக்கு மேற்கொண்டு பங்கில்லை. வாக்குறுதியே பங்கைத் தீர்த்துவிடும் என்பது இச்சட்டத்தின் கடுமையைப் புலப்படுத்தும்.

இச்சட்டமே ஒரு விதிவிலக்கையும் கொண்டிருந்தது. சில வட்டங்களில் வாழ்ந்த இலத்தீன் மரபுக் கத்தோலிக்கர், சீர்திருத்தக் கிறித்தவர் ஆகியோருள் ஆண் பெண் இருபாலார்க்கும் சமபங்கு கொடுக்கும் வழக்காறு உடைய பிரிவினர்க்கு மேற்கூறிய பிரிவுகள் பொருந்தா என்று அது கூறியது. ஆகவே, மகளுக்குச் சமபங்கு என்பது அம்மண்ணுக்கு அயலானது அன்று என்பதையும் அச்சட்டம் தன்னையறியாமல் ஒப்புக்கொண்டது.

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1951இல் 'பி' பிரிவு மாநிலங்கள் சட்டத்தின்வழி இந்தியச் சட்டங்கள் பல அங்கு விரிவாக்கப்பட்டன. 1956 நவம்பர் 1ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ் வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லை மாறியது, மகளின் பங்கு மாறியதா என்னும் வினா எஞ்சி நின்றது. 1951இலேயே பழைய சட்டம் நீங்கிவிட்டது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் கூறிய தீர்ப்பு 1974ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்தது. அதற்கு மாறாக, பழைய சட்டம் நீடிக்கிறது என்று அதே நீதிமன்றத்தின் ஈராயம் கூறிய தீர்ப்பு 1978ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளிவந்தது. நாகர்கோவில் பகுதிப் பெண்ணின் உரிமை தமிழ்நாட்டின் தலைநகரிலேயே முதலில் ஏற்கப்பட்டுப் பின்னர் மறுக்கப்பட்டது.

தில்லியில் தீர்ந்த வழக்கு

இவ்விரு கருத்துகளுக்குமிடையே முடிவு கூறும் பொறுப்பு தில்லிக்கு வந்தது. மேரி ராய் கோட்டயத்தில் பள்ளி நடத்திவந்த கல்வியாளர், சிரியன் கிறித்தவர். தம் மக்கள் இருவருடன் உதகமண்டலத்தில் தந்தையின் வீட்டில் வாழ்ந்த காலத்தில், மகளாகிய அவருக்கு அவ்வீட்டில் உரிமையில்லை என்று கூறப்பட்டது. அவ்வனுபவமே பின்னாளில் வழக்காக விளைந்தது. 1983இல் அரசியலமைப்பின் 32ஆம் உறுப்பின்கீழ் அவர் நேரடியாக உச்சநீதிமன்றத்தை அணுகினார். திருவிதாங்கூர்ச் சட்டம் சமத்துவ உரிமைக்கு முரணானது என்பது அவரது வாதங்களுள் ஒன்று.

தலைமை நீதிபதி பி.என். பகவதி, நீதிபதி ஆர்.எஸ். பாதக் ஆகியோர் அடங்கிய ஆயம் வழங்கிய தீர்ப்பு, சமத்துவ உரிமை பற்றிய வினாவுக்குள் புகவில்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே 1951 ஏப்ரல் 1 முதல் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே அப்பகுதிக் கிறித்தவர்க்கு உரியது என்று அது முடிவு செய்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி கொண்ட கருத்து ஏற்கப்பட்டது. ஈராயத்தின் கருத்து தள்ளப்பட்டது.

செலொப்பியாத்தின் மகள்கள் பெற்ற தீர்ப்போடு இதனை ஒப்பிடலாம். இரண்டும் குறுகிய வாயில்வழி வந்தவை. மகன் இல்லாமை என்னும் நிலையைப் பற்றி அங்குத் தீர்ப்புப் பிறந்தது; சட்டம் நீக்கப்பட்டமை என்னும் நுட்பத்தைப் பற்றி இங்குத் தீர்ப்புப் பிறந்தது. ஆணும் பெண்ணும் சமம் என்னும் பெருவினாவை இரண்டுமே நேராகத் தொடவில்லை. ஆயினும் இரண்டும், கேட்டவர்க்கு மட்டுமன்றி அவரைப் போன்ற அனைவர்க்கும் விதியாயின. தீர்ப்பின் பயன் 1951 வரை பின்னோக்கிச் சென்றமை, சென்ற ஆண்டுகளின் வருமானத்தையும் சேர்த்துப் பெற்ற சூனேம் பெண்ணின் கதையை நினைவூட்டுகிறது.

பின்னர் நிகழ்ந்தவையும் ஒப்புமை உடையவை. முடிந்த பாகப்பிரிவினைகள் மீண்டும் கிளறப்படும், குடும்பங்கள் சிதையும், நிலம் துண்டாகும் என்னும் குரல்கள் எழுந்தன. தீர்ப்பின் பின்னோக்கிய பயனை நீக்கிப் பழைய நிலையை ஏற்புடையதாக்கும் நோக்கில் 1994இல் கேரளத்தில் ஒரு சட்டவரைவும் உருவானது, அது சட்டமாகவில்லை. எண்ணாகமம் 36ஆம் அதிகாரத்தின் குலத்தலைவர்கள் எழுப்பிய அச்சமே மீண்டும் ஒலித்தது எனலாம். மேரி ராயும் தீர்ப்புக்குப் பின் கீழ்நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தே தம் பங்கைப் பெற முடிந்தது. அவர் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் மறைந்தார்.

குற்றம் சாட்டப்பட்ட பெண்ணும் மணவிலக்குச் சட்டமும்

சொத்துரிமையில் நிகழ்ந்தது மணவுரிமையிலும் தொடர்ந்தது. 1869ஆம் ஆண்டின் இந்திய மணவிலக்குச் சட்டப்படி, கிறித்தவக் கணவன் மனைவியின் பிறன்மனை உறவு ஒன்றை மட்டும் மெய்ப்பித்து மணவிலக்குப் பெறலாம். மனைவியோ, கணவனின் அத்தகைய உறவோடு கொடுமை அல்லது கைவிடுதல் போன்ற மற்றொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இந்திய சட்ட ஆணையம் 1983இலும் 1998இலும் அறிக்கைகள் அளித்தது. 1995இல் கேரள உயர்நீதிமன்றம் இவ்வேறுபாட்டைச் செல்லாததாக்கியது. 2001இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இருபாலார்க்கும் ஒரே காரணங்களை வகுத்தது.

யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரம் இங்குக் கருதத்தக்கது. விபசாரத்தில் பிடிபட்டதாக ஒரு பெண் இயேசுவின் முன் நிறுத்தப்படுகிறாள். மோசேயின் சட்டமோ இருவரையும் குற்றவாளிகளாகக் கொள்வது (லேவியராகமம் 20:10). ஆண் அங்கு இல்லை. மறையுரைகளில் இப்பகுதி மன்னிப்பின் கதையாகவே விளக்கப்படுகிறது. அது மன்னிப்பின் கதைதான். அதே வேளையில், ஒருவரை மட்டும் வாயிலில் நிறுத்தும் சட்டப் பயன்பாட்டின்மீது எழுப்பப்பட்ட வினாவுமாகும். குற்றம் சாட்டியோர் ஒவ்வொருவராக விலகிச் சென்றதன் காரணமும் அவ்வினாவே. 1869 முதல் 2001 வரை நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியக் கிறித்தவர் இப்பகுதியை வாசித்துக்கொண்டே, இருபாலார்க்கும் இருவேறு அளவுகோல் வைத்த சட்டத்தின்கீழ் வாழ்ந்தனர்.

வாசிப்பு மரபும் நம்பிக்கையாளரும்

உரிமை கேட்ட பெண்களின் கதைகள் கோயிலில் வாசிக்கப்பட்டும் குடும்பத்தில் செயற்படாமைக்குக் காரணம் யாது? தேர்ந்து வாசித்தலே முதற்காரணம் எனத் தோன்றுகிறது. பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தின் ஆறாம் வசனம், சாராள் ஆபிரகாமை ஆண்டவன் என்றழைத்துக் கீழ்ப்படிந்ததைக் கூறுகிறது. மணமக்களுக்கு அறிவுரை கூறுவோர் பெரிதும் விரும்பும் பகுதி அது. அதற்கடுத்த ஏழாம் வசனம் கணவர்களை நோக்கியது. மனைவியரும் இறையருளை உங்களோடு சுதந்தரிப்பவர்கள். அவர்களை மதியாவிடின் உங்கள் மன்றாட்டுகள் தடைப்படும் என்னும் கருத்துடையது. ஆறாம் வசனம் பெற்ற செல்வாக்கை ஏழாம் வசனம் பெறவில்லை.

ஆன்மிகப்படுத்தல் இரண்டாம் காரணம். சுதந்தரம் என்பது பரலோகத்தில் கிடைப்பது மட்டுமே என்று விளக்கப்பட்டபோது, நிலமும் வீடும் அச்சொல்லிலிருந்து நீங்கின. ஆனால் ஆதித்திருச்சபை வளர்ந்தது பெண்களின் உடைமைகளைச் சார்ந்தே. யோவன்னாள், சூசன்னாள் முதலியோர் தம் ஆஸ்திகளால் இயேசுவுக்கும் சீடர்க்கும் ஊழியம் செய்தனர் (லூக்கா 8:1-3). எருசலேமில் நம்பிக்கையாளர் கூடிச் செபித்தது மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாளின் வீட்டில் (அப்போஸ்தலர் 12:12). பிலிப்பி நகரில் பவுலுக்கு இடம் கொடுத்தது, இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் வீடு (அப்போஸ்தலர் 16:14-15, 40). பெண்ணுக்கு வீடு இருந்தமையால் திருச்சபைக்குக் கூரை கிடைத்தது. அத்திருச்சபையின் மகள்களுக்குப் பிற்காலத்தில் தந்தை வீட்டில் பங்கில்லாமற் போனமை வரலாற்று முரண் ஆகும்.

தமிழ்க் கிறித்தவ இலக்கிய உலகில் இதற்கு மாற்றான போக்கு இல்லாமலில்லை. மாயூரம் முனிசீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தளித்தார். பெண்மதி மாலை பாடிப் பெண்கல்வியையும் வலியுறுத்தினார். சட்டத்தைத் தமிழாக்குவதும் பெண்ணுயர்வு பேசுவதும் ஒரே கிறித்தவ எழுத்தாளரிடம் ஒன்றுசேர்ந்த நிலை அது. அவ்விணைப்பு விவிலிய விளக்கத்துறையில் தொடரவில்லை.

அண்மைக் காலத்தில் திருச்சபைகளிடமும் மாற்றம் தென்படுகிறது. தில்லி அசோகா பிளேசில் தலைமையகம் கொண்ட இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2008இல் பெண்களின் ஆற்றல்படுத்தலைத் தன் பொதுப்பேரவையின் கருப்பொருளாகக் கொண்டது. 2010இல் பாலினக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது. இக்கொள்கைகள் பங்குகளுக்கும் சபைகளுக்கும் சென்றுசேர வேண்டுமாயின், அவற்றுக்கு விவிலியத்தின் பெயர்கள் தேவை. நம்பிக்கையாளரின் நெஞ்சில் பதிவது கொள்கை ஆவணத்தின் பிரிவு எண் அன்று. மக்லாள், அக்சாள், எமீமாள் என்னும் பெயர்களே.

இத்தேவை இன்னும் தீரவில்லை. 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பு உயில் இல்லாத இடத்திலேயே பயன்படும். மகன்களுக்கே எழுதப்படும் உயிலும், சகோதர பாசத்தின் பெயரால் மகளிடம் கையொப்பம் பெறப்படும் விடுதலைப் பத்திரமும் அத்தீர்ப்பை வெறும் ஏடாக்கவல்லன. இந்து வாரிசுரிமைத் துறையிலும் 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் நடுவணரசுத் திருத்தமும் வந்த பின்னரும் இதே சிக்கல் எதிர்ப்படுவதால், இதனை ஒரு சமயத்தாரின் குறையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கிறித்தவக் குடும்பத்துக்கு உரிய தனிச்சிறப்பு, அதன் மறைநூலே மகளின் பக்கம் தீர்ப்புக் கூறியிருப்பதுதான்.

முடிவுரை

விவிலியத்தின் பெண்கள் நம்பிக்கையாளர்க்குப் பொறுமையையும் பணிவையும் மட்டும் கற்பிப்பவர் அல்லர். தமக்குரியதைக் கேட்பது இறைப்பற்றுக்கு மாறானது அன்று என்பதையும் அவர்கள் கற்பிக்கின்றனர். செலொப்பியாத்தின் மகள்கள் நின்ற கூடாரத்தின் வாயில் வழிபாட்டிடத்தின் வாயிலே. அவர்களது வழக்கும் அங்குதான் கேட்கப்பட்டது. வழிபாட்டையும் வழக்கையும் பிரித்துவைத்த பிற்கால மரபு, மறைநூல் ஒன்றாக வைத்ததைப் பிரித்தது எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 'சுதந்தரம்' என்னும் ஒரே சொல்லால் மகளின் நிலவுரிமையையும் மீட்கப்பட்டோரின் பேற்றையும் குறித்தது. தமிழ் நம்பிக்கையாளர்க்குக் கையளிக்கப்பட்ட இச்சொல், உரிமை கேட்பவளைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்காமல் அவளுக்கு மொழி கொடுக்கவல்லது.

வழக்கும் முற்றுப்பெறவில்லை. பிள்ளையில்லாமல் இறந்த ஒருவரின் சொத்தில் தந்தை உயிரோடிருக்கும்போது தாய்க்குப் பங்கில்லை என்று 1925ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. இந்நிலையை மாற்றித் தாய்க்கும் தந்தைக்கும் சமபங்கு வேண்டும் என்று இந்திய சட்ட ஆணையம் 2014இல் தன் 247ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. சிலுவையில் தொங்கிய வேளையிலும் தாய்க்கு ஒரு வீட்டை உறுதி செய்தவர் இயேசு என்று யோவான் பதிவு செய்துள்ளார் (யோவான் 19:26-27). அவரைப் பின்பற்றுவோரின் சட்டத்தில் தாயின் பங்கு எழுதப்பட வேண்டியது, அவர்களின் மறைநூல் வாசிப்பு முழுமை பெறுவதற்கும் இன்றியமையாதது.